புகார் இல்லாத பள்ளிக்குள் வரும் ஆய்வாளர்களுக்கு

மதிப்புக்குரிய ஆய்வாளர்களே, வணக்கம்.

உயர்நிலைப் பள்ளிகளில் இனவெறியும் இனப்பாகுபாடும் எந்த அளவுக்கு இருக்கின்றன, எப்படி நடக்கின்றன என்று தெரிந்துகொள்ள வருகிறீர்கள். கையில் அனுமதிக் கடிதம், வினாத்தாள் கட்டு, சில சமயம் குரலைப் பதிவு செய்யும் கருவி. பல இனத்துப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து படிக்கும் வகுப்புகளில் நெடுநாளாகப் பாடம் நடத்தும் ஆசிரியர் என்ற முறையில் உங்களை மனதார வரவேற்கிறேன். இந்த வேலையை யாராவது ஒழுங்காகச் செய்ய மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். அந்த ஏக்கத்தில்தான் எழுதுகிறேன்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் என்ன சொல்லித் திட்டுகிறார்கள் என்பதைத்தான் நீங்கள் பெரும்பாலும் முதலில் தேடுகிறீர்கள். அது தேவைதான். ஆனால் ஒரு பிள்ளையின் பள்ளி வாழ்க்கையை அதைவிட அதிகமாகத் திருப்பிப் போடுவது பெரியவர்கள் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகள். யாருடைய விடைத்தாளுக்கு எத்தனை மதிப்பெண், யாருக்கு எந்தப் பாடப்பிரிவு, யார் சத்தம் போட்டால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும், யார் வந்து அழுதால் அது புகாராக எழுதப்படும். உங்கள் ஆய்வு அந்த முடிவுகள் வரை போக வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பள்ளிக்கு வந்ததும் நீங்கள் கேட்கும் முதல் ஆவணம் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவேடு. அதில் இனம் சம்பந்தமாக ஒரு வரிகூட இருக்காது. "எங்கள் பள்ளியில் அப்படி எதுவும் கிடையாது, எல்லாரும் ஒரு தாய் பிள்ளைகள் மாதிரி" என்பார் தலைமை ஆசிரியர். அவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அவர் அதை உண்மையாகவே நம்புகிறார். அவர் மேசைக்கு வந்து சேரும் தாள்கள் அப்படித்தான் சொல்கின்றன.

அந்தத் தாள் எப்படி எழுதப்படுகிறது என்று பாருங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை நான்கு பேர் பல நாட்களாக ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டு வந்தார்கள். அவன் தோல் நிறத்தையும் அவன் வீட்டில் பேசும் மொழியையும் ஒன்றாகச் சேர்த்து அவர்கள் உண்டாக்கிய பெயர் அது. வராந்தாவில், கழிப்பறை வாசலில், வருகைப் பதிவு எடுக்கும்போது பின் பெஞ்சிலிருந்து மெதுவாக. ஒருநாள் இடைவேளையில் அவன் அவர்களில் ஒருவனைத் தள்ளிவிட்டான். விழுந்தவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அன்று பதிவேட்டில் ஏறியது இவ்வளவுதான்: "இரு மாணவர்களிடையே கைகலப்பு. தள்ளியவர் எச்சரிக்கப்பட்டார். பேசித் தீர்க்கப்பட்டது."

ஐந்து பேர் இரண்டு பேராகிவிட்டார்கள். அந்தப் பெயரைக் காணோம். பல நாட்கள் ஒரு இடைவேளையாகச் சுருங்கிவிட்டன. எழுத்தில் மிஞ்சிய ஒரே குற்றவாளி, திட்டு வாங்கிய பையன். எழுதிய ஆசிரியர் கெட்டவர் இல்லை. மணி அடித்துவிட்டது, அடுத்த வகுப்புக்கு ஓட வேண்டும், படிவத்தில் அதற்குமேல் இடமும் இல்லை. ஆய்வாளர்களான நீங்கள் அந்த வரியை எடுத்து "சக மாணவர் வன்முறை" என்ற பெட்டிக்குள் போட்டு எண்ணினால், அந்தப் பையனுக்கு நடந்த அநியாயத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு சேர்ந்துவிடுகிறது.

இங்கிலாந்தில் 1993இல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயது மாணவர் பேருந்துக்காகக் காத்திருந்தபோது இனவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டார். அதைப் பற்றி விசாரித்து 1999இல் வெளிவந்த மாக்ஃபர்சன் அறிக்கை, பாதிக்கப்பட்டவரோ வேறு எவரோ ஒரு சம்பவத்தை இனவெறிச் சம்பவமாக உணர்ந்தால் அதை இனவெறிச் சம்பவமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னது. பள்ளிகள் இப்படிப்பட்ட சம்பவங்களை எல்லாம் பதிவு செய்ய வேண்டும் என்றும், ஆண்டுதோறும் பள்ளி வாரியாக எண்ணிக்கையை வெளியிட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. முதல் பகுதி எனக்கு முழுச் சம்மதம். எழுதும்போதே "இது இனவெறிதானா" என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை ஆசிரியரிடமிருந்து அது எடுத்துவிடுகிறது. எண்ணிக்கையை வெளியிடுவதில்தான் தயக்கம். நேர்மையாக எழுதும் பள்ளியின் பெயர் கெடும், எதையும் எழுதாத பள்ளி நல்ல பெயர் வாங்கும். நிறையப் பதிவு இருக்கும் பள்ளியைப் பார்த்தால் முதலில் இதைக் கேளுங்கள்: இங்கே சம்பவம் அதிகமா, அல்லது வந்து சொன்னால் காது கொடுத்துக் கேட்கும் ஆள் இருக்கிறாரா?

சரி, பதிவேட்டை விட்டுப் பிள்ளைகளிடமே கேட்போம் என்று வினாத்தாளைக் கொடுக்கிறீர்கள். கொடுக்கும் இடம் வகுப்பறை. வகுப்பாசிரியர் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருக்கிறார். பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்க்கும் தூரம். இடது கையை வளைத்துத் தாளை மறைத்துக்கொண்டு எழுதுகிற பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். தேர்வில் அப்படி மறைப்பவள் விடையைக் காப்பாற்றுகிறாள். உங்கள் தாளில் மறைப்பவள் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறாள். "நீ இனவெறிக்கு ஆளானது உண்டா? ஆம் / இல்லை" என்ற கேள்விக்கு அந்தச் சூழலில் "இல்லை" என்பதுதான் பத்திரமான பதில்.

பயம் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. பதினான்கு வயதில் "நான் பாதிக்கப்பட்டேன்" என்று எழுதுவதே ஒரு தோல்வி மாதிரி. தன்னைக் கிண்டல் செய்பவர்களோடு சேர்ந்து சிரிப்பதுதான் அந்தக் கூட்டத்தில் இருக்க அவர்கள் கட்டும் விலை. "சும்மா விளையாட்டுக்குத்தான் சார்" என்று திட்டு வாங்கியவனே வந்து சொல்வான். அவனிடம் போய் இனவெறி என்ற பெரிய வார்த்தையை நீட்டினால் கையைக் கட்டிக்கொள்வான். நடந்ததைக் கேளுங்கள். பேருந்தில் உன் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் யாராவது நின்றுகொண்டே வந்தது உண்டா? குழு வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கடைசி வரை நின்றாயா? உன் பெயரை ஆசிரியர் ஆண்டு முழுக்கத் தப்பாகவே சொன்னாரா, திருத்தியபோது என்ன செய்தார்? கஷ்டமான பாடப்பிரிவு உனக்கு வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா, என்ன காரணம் சொன்னார்கள்?

இப்படிக் கேட்பது புதிது ஒன்றும் இல்லை. 2000இல் சீலியா ஃபிஷரும் உடன் ஆய்வாளர்களும் வளரிளம் பருவத்தினருக்காக உருவாக்கிய அளவுகோல், கடையில், பள்ளியில், நண்பர்களிடையே நடக்கும் குறிப்பிட்ட சம்பவங்களைச் சொல்லி, அது நடந்ததா, நடந்தால் எவ்வளவு வருத்தியது என்று கேட்டது. பல நாட்டு மாணவர்களின் கற்றலை ஒப்பிடும் பீசா (PISA) தேர்வில் 2018இல் 15 வயது மாணவர்களுக்குக் கொடுத்த வினாத்தாள் ஒன்று, சில பண்பாட்டுக் குழுக்களைச் சேர்ந்த மாணவர்கள் குறைவாகத்தான் படிப்பார்கள் என்று எதிர்பார்க்கும் ஆசிரியர்கள் உங்கள் பள்ளியில் எத்தனை பேர் என்று கேட்டது. பிள்ளை தன் காயத்தைக் காட்ட வேண்டியதில்லை, தான் பார்த்ததைச் சொன்னால் போதும். இரண்டு வகைக் கேள்விகளும் உங்கள் தாளில் இருக்கட்டும்.

இனம் என்ன என்று கேட்கும் கட்டத்தைத் தாளின் கடைசிப் பக்கத்தில் வையுங்கள். 1995இல் அமெரிக்க உளவியலாளர்கள் கிளாட் ஸ்டீலும் ஜோஷுவா அரன்சனும், தேர்வுக்கு முன்னால் இனத்தைக் குறிக்கச் சொன்னாலே கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் குறைவதைக் கண்டதாக எழுதினார்கள். அந்த வரிசையில் பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதே அளவு விளைவைக் காட்டவில்லை. இருந்தாலும் முதல் பக்கத்திலேயே ஒரு பிள்ளையை ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டு, அப்புறம் மனம்விட்டுப் பேசு என்று கேட்பது முறையில்லை. பெட்டிகளை நீங்களே முடிவு செய்யவும் வேண்டாம். தாய் ஒரு இனம், தந்தை ஒரு இனம் என்று பிறந்த பிள்ளை "மற்றவை" என்பதில் குறி போட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கும் பார்வையை நான் பார்த்திருக்கிறேன். அவரவர் சொல்லில் எழுத ஒரு வெற்று வரி விட்டால் போதும்.

அடுத்து, யார் உங்கள் முன் வந்து உட்காருகிறார்கள் என்பது. குழு உரையாடலுக்கு எட்டுப் பேரை அனுப்பச் சொல்கிறீர்கள். அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வகுப்பு வாசலில் வந்து நிற்பார்: "நல்லாப் பேசுற பிள்ளைகளாப் பார்த்து அனுப்பச் சொன்னாங்க." மேடையில் பேச்சுப் போட்டிக்குப் போகிற அதே எட்டுப் பேர் வருவார்கள். அந்த வாரம் இடைநீக்கத்தில் இருப்பவன் வரமாட்டான். போன ஆண்டு நடுவிலேயே மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போன பெண் வரமாட்டாள். பள்ளியின் மொழி இன்னும் பிடிபடாத பிள்ளை, "இவனுக்குச் சொல்லத் தெரியாது" என்று வகுப்பிலேயே விடப்படுவான். பெயர்ப் பட்டியலை வாங்கி, நீங்களே கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுங்கள். பள்ளியை விட்டுப் போனவர்களின் பட்டியலையும் கேளுங்கள். எந்த மாதத்தில் போனார்கள், என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "குடும்பச் சூழ்நிலை" என்ற இரண்டு வார்த்தைகளுக்குப் பின்னால் உங்கள் ஆய்வின் பாதி இருக்கக்கூடும். மொழிபெயர்க்க அந்தப் பிள்ளையின் வகுப்புத் தோழனை மட்டும் உட்கார வைக்காதீர்கள். வெளியிலிருந்து ஆளைக் கொண்டு வாருங்கள்.

பெற்றோர் கையெழுத்து வாங்கும் படிவத்திலும் இதே ஓட்டை இருக்கிறது. பள்ளியின் மொழியில், ஆறு பத்தியில், கீழே முத்திரையோடு ஒரு தாள் வீட்டுக்குப் போகிறது. சட்டப்பூர்வமான தாள்கள் எப்போது கையை விட்டுப் போகுமோ என்று பயந்து வாழும் குடும்பத்துக்கு, அரசு முத்திரையும் கையெழுத்துக் கோடும் சேர்ந்தாலே நெஞ்சு படபடக்கும். படிவம் திரும்பி வராது. யாரைத் தேடி வந்தீர்களோ அவர்கள் முதல் வாரத்திலேயே உங்கள் கணக்கிலிருந்து போய்விடுவார்கள். வீட்டு மொழியில் ஒரு பக்கம் எழுதுங்கள். முடிந்தால் பெற்றோரை நேரில் பார்த்துப் பேசுங்கள். 1989 குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைக்கே தருகிறது. அந்தப் பக்கத்தில் பிள்ளையின் சம்மதத்துக்கும் ஒரு கோடு இருக்க வேண்டும், நடுவில் எழுந்து போகும் உரிமையோடு.

இனி, முதலில் சொன்ன பெரியவர்களின் முடிவுகளுக்கு வருகிறேன். என் மனம் அதிகம் கிடப்பது இங்கேதான்.

தண்டனையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம் 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2013-14 கல்வியாண்டில் அந்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்களில் கறுப்பினத்தவர் 15.5 சதவீதம், பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் அவர்கள் சுமார் 39 சதவீதம். இந்த எண்ணைச் சொன்னதும் ஒரு பதில் தயாராக வரும்: "அவர்கள் அதிகம் தப்புச் செய்கிறார்கள், அதனால் அதிகம் தண்டனை." அந்த வாதத்தை ரஸ்ஸல் ஸ்கிபாவும் குழுவினரும் 2002இலேயே ஒரு நகரத்தின் நடுநிலைப் பள்ளிப் பதிவுகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். வெள்ளையின மாணவர்கள் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்ட காரணங்கள் புகை பிடித்தது, சொல்லாமல் வெளியே போனது, பொருளை உடைத்தது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யக்கூடியவை. கறுப்பின மாணவர்களுக்கு எழுதப்பட்டவை மரியாதைக் குறைவு, அதிகச் சத்தம், மிரட்டல், சும்மா சுற்றித் திரிந்தது. அதாவது, எழுதுகிறவரின் மனநிலையைப் பொறுத்து இருக்கவும் செய்யலாம், இல்லாமலும் போகலாம் என்கிற குற்றங்கள்.

இதைப் படித்த பிறகு எந்தப் பதிவேட்டையும் என்னால் பழையபடி படிக்க முடியவில்லை. "திமிராகப் பார்த்தான்" என்ற வரி யார் பெயருக்கு நேராக வருகிறது என்றுதான் கண் போகிறது. நீங்களும் அப்படிப் படியுங்கள். எண்ணிக்கையோடு நிறுத்தாமல், குற்றத்தை விவரிக்கும் சொற்களைப் பிரித்துப் பாருங்கள்.

இன்னொரு ஆய்வும் முக்கியம். 2015இல் ஜேசன் ஒகோனோஃபுவாவும் ஜெனிபர் எபர்ஹார்ட்டும் ஆசிரியர்களிடம் ஒரு மாணவனின் ஒழுங்குக் குறிப்பைக் கொடுத்தார்கள். இரண்டு சின்னத் தவறுகள். ஒருவருக்குக் கிடைத்த தாளில் கறுப்பினத்தவர் பெயராகத் தோன்றும் பெயர், இன்னொருவருக்கு வெள்ளையினத்தவர் பெயராகத் தோன்றும் பெயர். மற்றபடி ஒரே எழுத்து. முதல் தவறில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாவது தவறுக்கு வந்ததும், கறுப்பின மாணவன் என்று நினைத்தவனுக்கு ஆசிரியர்கள் கடுமையான தண்டனை கேட்டார்கள். "இவன் வழக்கமாகவே இப்படித்தான்" என்ற எண்ணம் அவனுக்குச் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. ஒரு சம்பவத்தை மட்டும் பார்க்கும் ஆய்வாளர் கண்ணுக்கு இது தட்டுப்படவே படாது. ஒரே பிள்ளையின் முதல், இரண்டாம், மூன்றாம் பதிவுகளை வரிசையாக வைத்து, எந்தக் கட்டத்தில் எச்சரிக்கை இடைநீக்கமாக மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

மதிப்பெண்ணிலும் இதே கதை, ஆனால் அங்கே நம்பிக்கை தருகிற ஒன்றும் இருக்கிறது. டேவிட் குவின் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சிறு பிள்ளை எழுதியதாக ஒரே கட்டுரையின் இரண்டு பிரதிகளைத் தயாரித்து, ஒவ்வொரு ஆசிரியரிடமும் ஏதாவது ஒன்றைக் கொடுத்தார். ஒன்றில் அந்தப் பிள்ளையின் அண்ணனுக்குக் கறுப்பினத்தவர் பெயராகத் தோன்றும் டஷான் என்ற பெயர், மற்றதில் வெள்ளையினத்தவர் பெயராகத் தோன்றும் கானர். "வகுப்புத் தரத்துக்கு இருக்கிறதா" என்று பொதுவாகக் கேட்டபோது டஷானின் வீட்டுப் பிள்ளைக்குக் குறைவாக மதிப்பிட்டார்கள். எதற்கு எத்தனை என்று தெளிவாகப் பிரித்த மதிப்பீட்டு அட்டவணையைக் கொடுத்தபோது அந்த வித்தியாசம் தென்படவில்லை. அது தொடக்கப் பள்ளி எழுத்து. உயர்நிலை வகுப்புகளில் செய்முறை மதிப்பெண், வாய்மொழித் தேர்வு, "வகுப்பில் ஈடுபாடு" என்று அட்டவணை இல்லாமல் போடும் மதிப்பெண் எவ்வளவு இருக்கிறது என்று யோசியுங்கள். பெயர் மறைத்துத் திருத்தப்படும் பொதுத்தேர்வு மதிப்பெண்ணையும், பெயர் தெரிந்து பள்ளிக்குள் போடப்படும் மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஓர் இனத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால், உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் கிடைத்துவிட்டது. ஆசிரியர்களைக் கூண்டில் நிறுத்தாமலே பேசலாம். அட்டவணை கொடுங்கள் என்று நாங்களே கேட்போம்.

பாடப்பிரிவு ஒதுக்கீடு இன்னும் கனமானது, ஏனென்றால் அது திரும்பாது. செக் குடியரசின் ஒஸ்ட்ராவா நகரில், ஐரோப்பாவில் நெடுநாளாக ஒதுக்கப்பட்டு வரும் ரோமா இனத்துப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அறிவு வளர்ச்சி குறைந்தவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளில் இருந்தார்கள்; மற்ற பிள்ளைகளில் அங்கே இருந்தவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு. பதினெட்டுப் பேர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006இல் தோற்றார்கள். 2007 நவம்பரில் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் எந்த அதிகாரியும் இனவெறியோடு பேசினார் என்று நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. பொதுவாகத் தோன்றும் ஒரு தேர்வு முறை ஓர் இனத்தின் மேல் மட்டும் இப்படிப் போய் விழுகிறது என்பதை எண்கள் காட்டின, அது மறைமுகப் பாகுபாடு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பெற்றோர் கையெழுத்துப் போட்டுத்தானே கொடுத்தார்கள் என்ற வாதமும் எடுபடவில்லை.

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? அரசின் கணக்கில் முழுமையாக இல்லாததை, அந்த நகரத்துத் தலைமை ஆசிரியர்களிடம் வினாத்தாள் கொடுத்துத் திரட்டி எடுத்தார்கள். உங்களைப் போல ஒரு குழு பள்ளி பள்ளியாக ஏறி இறங்கியிராவிட்டால் அந்தத் தீர்ப்பு இல்லை. உங்கள் வேலையை நான் எவ்வளவு பெரிதாக நினைக்கிறேன் என்பதற்கு இதைவிட வேறு சொல்ல வேண்டாம்.

மேலே சொன்ன எண்கள் எல்லாம் அவை எடுக்கப்பட்ட இடத்துக்கு மட்டுமே பொருந்தும். அமெரிக்காவின் சதவீதத்தை இன்னொரு நாட்டுப் பள்ளியில் கொண்டுபோய் வைக்க முடியாது; அங்கே ஒதுக்கப்படும் இனம் வேறு, வரலாறு வேறு. கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். இனத் தகவலே சேகரிக்காத நாடு என்றால் வேறு வழி தேட வேண்டும். பிரான்சில் ஜார்ஜ் ஃபெலூசிஸ் குழுவினர் போர்தோ வட்டாரத்து நடுநிலைப் பள்ளிகளில் இனப் பிரிவினையை அளக்க மாணவர்களின் முதல் பெயர்களைப் பயன்படுத்தினார்கள். குறையுள்ள வழிதான், ஒன்றும் பார்க்காமல் இருப்பதைவிட மேல்.

ஆசிரியர் அறையையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால், அந்த இனத்துப் பிள்ளைகளின் சண்டை, பெற்றோர் சந்திப்பு, மொழிபெயர்ப்பு, பண்பாட்டு விழா எல்லாம் அவர் தலையில்தான் விழும். பதவி உயர்வுப் பட்டியலில் இதற்கெல்லாம் கணக்கு இருக்காது. அவரிடம் தனியாகப் பேசுங்கள், பள்ளிக்கு வெளியே பேசுங்கள். பள்ளியில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரியாது.

அப்புறம், பிள்ளைகளின் பாதுகாப்பு. 1940களில் அமெரிக்க உளவியலாளர்கள் கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும் கறுப்பினக் குழந்தைகளிடம் நிறம் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் காட்டிக் கேள்வி கேட்டார்கள். எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டுவிட்டுக் கடைசியில், உன்னைப் போல இருப்பது எது என்றார்கள். கறுப்புப் பொம்மையைக் கெட்டது என்று சொல்லியிருந்த சில குழந்தைகள் அந்தக் கேள்வியில் உடைந்து அழுதார்கள், அறையை விட்டு ஓடினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954 அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் எழுத்து இடம்பெற்றது. நாட்டுக்கு நன்மை செய்த ஆய்வுதான். அழுத குழந்தை அன்று அழுததும் உண்மைதான். உங்கள் உரையாடல் கடைசிப் பாடவேளையில் முடிந்தால், அந்தப் பிள்ளை கிளறிவிட்ட நினைப்போடு நேராக வீட்டுக்குப் போகும். காலையில் பேசுங்கள். பேசி முடித்தபின் போய் உட்கார ஒரு ஆலோசகரை ஏற்பாடு செய்யுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கும் முன், எதைக் கேட்டால் நீங்கள் மேலே சொல்லியே ஆக வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். நம்பிச் சொன்ன பிறகு அதைத் தெரிந்துகொள்ளும் பிள்ளை இன்னொரு பெரியவரை நம்பாது.

பெயரை மாற்றிவிட்டோம், அடையாளம் தெரியாது என்று அறிக்கையில் எழுதுகிறீர்கள். "பத்தாம் வகுப்பு மாணவி, இந்த இனம், மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்தவர்" என்று ஒரு மேற்கோளுக்குக் கீழே போட்டால், எங்கள் பள்ளியில் அந்த விவரத்துக்குப் பொருந்தும் பெண் ஒருத்திதான். ஆசிரியர்கள் அரை நிமிடத்தில் கண்டுபிடிப்பார்கள், பிள்ளைகள் அதற்கும் முன்னால். அவள் எந்த ஆசிரியரைப் பற்றிச் சொன்னாளோ அவர் வகுப்பில்தான் அடுத்த ஆண்டும் உட்கார வேண்டும். சிறிய எண்ணிக்கை உள்ள இடங்களில் வகுப்பையோ இனத்தையோ விட்டுவிடுங்கள், பல பள்ளிகளைச் சேர்த்து எழுதுங்கள். அச்சுக்குப் போகும் முன் அந்தப் பெண்ணிடமே காட்டி, இது வரலாமா என்று கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால் அந்த மேற்கோள் எவ்வளவு அருமையாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

கடைசியாகச் சில நடைமுறைக் கோரிக்கைகள். வினாத்தாளை முடிவு செய்யும் முன், சமீபத்தில் பள்ளியை முடித்து வெளியே போன பல இனத்து மாணவர்கள் சிலரை உட்கார வைத்துக் கேள்வி கேள்வியாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். எந்தக் கேள்விக்கு எல்லாரும் பொய் சொல்வார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். கண்டதை ஆய்விதழுக்கு அனுப்புவதோடு, பிள்ளைகள் படிக்கக்கூடிய மொழியில் இரண்டு பக்கமாக எழுதி, பதில் சொன்னவர்கள் பள்ளியை விட்டுப் போவதற்குள் கொண்டுவந்து கொடுங்கள். எங்கள் பள்ளிகளில் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன, "சார், அன்னைக்கு எழுதிக் கொடுத்தோமே, என்ன ஆச்சு?" என்று கேட்ட பிள்ளைகளுக்குச் சொல்ல எங்களிடம் எதுவும் இருந்ததில்லை.

போகும்போது, கல்வித்துறைக்கு நீங்கள் தரும் பரிந்துரைகளில் ஒன்றாக இதையும் சேர்த்துவிடுங்கள்: ஒழுங்கு நடவடிக்கைப் படிவத்தில் இரண்டு கூடுதல் கட்டங்கள். ஒன்றில், சம்பவத்துக்கு முன் என்ன வார்த்தை சொல்லப்பட்டது என்பதைச் சொன்னபடியே எழுத வேண்டும். இன்னொன்றில், இது எத்தனை நாட்களாக நடக்கிறது என்று இரு தரப்பையும் கேட்டு எழுத வேண்டும். அச்சடித்துக் கொடுத்தால் நாளையே நிரப்பத் தொடங்கலாம்.

அன்புடன்,
ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்